கிழக்கு கேலரிக்கு ஒரு வார்த்தை

டம்... டம்... டம்... ஹே!

மேற்குப் பக்கம் மிதித்த மிதியில் மேஜைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டில் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. அடங்குவதற்குள் கிழக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இன்னும் பலமாக, இன்னும் வெறியாக.

டம்... டம்... டம்... ஹே!

அறிவிப்பாளர் மேஜையில் மைக்கைப் பிடித்திருந்தவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று மிதி, ஒரு கத்து. முதலில் மேற்கு, அடுத்து கிழக்கு. யார் சத்தம் பெரிசு? இந்தப் போட்டிக்குள் போட்டியைக் கிளப்பிவிட்டவளே அவள்தான். மூன்றாவது செட்டில் தூங்கி வழிந்த கூட்டத்தை நாலே வார்த்தையில் எழுப்பி உட்காரவைத்திருந்தாள். உட்காரவைத்தாள் என்பதுகூடத் தப்பு. ஒருத்தரும் உட்காரவில்லை.

வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. வைத்தது மாமியார். "காலையில திருகிவிட்டா ராத்திரிதான் நிக்கும்" என்பது பெயருக்கான விளக்கம். அந்தப் பெயர் எப்படியோ வீட்டு வாசலைத் தாண்டி, பஸ் ஏறி, இந்த விளையாட்டு அரங்கத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. வாலிபால் இறுதிப் போட்டிக்கு அவள் மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

"பின்னிட்டே, தங்கச்சி!" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அவர் பெயர் கணீர். காரணப் பெயர்தான். இத்தனை வருஷமாக இறுதிப் போட்டி என்றால் மைக் அவருடையது. அடுக்குமொழி சரம் சரமாக வரும். இன்று தொண்டை கட்டிக்கொண்டதால் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்திருந்தார். பெரிய மனசு அரைமணிக்கு ஒரு தரம் மைக்கை ஏக்கமாகப் பார்த்தது.

"எங்க அத்தை வந்திருக்காங்க, அண்ணே. அதான் கொஞ்சம் எக்ஸ்ட்ரா."

"எங்கே?"

அவள் கிழக்குப் பக்கம் கண்ணைக் காட்டினாள். உச்சி வரிசை. நட்ட நடுவில். மடியில் பை. சுற்றிலும் கூட்டம் குதித்துக்கொண்டிருக்க, மாமியார் மட்டும் பல் டாக்டரிடம் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். "தொண்டை கிழியக் கத்துறதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா? நானே வந்து பாத்துடுறேன்" என்று காலையில் சபதம் செய்துவிட்டு வந்தவர். எல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காகவே மேலே ஏறி இடம் பிடித்தவர்.

மேற்கே சிமெண்ட் படிகள். கட்டடத்தோடு பிறந்தவை. கிழக்கே அப்படி இல்லை. இறுதிப் போட்டிக் கூட்டத்துக்காக இரும்புக் குழாய்களை நிறுத்தி, கிளாம்ப் போட்டு முடுக்கி, மேலே பலகை பரப்பிய தற்காலிக கேலரி.

கடைசி செட். உள்ளூர் அணிக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். அடித்தால் கோப்பை. சர்வீஸ் போடும் நெட்டைக்காரன் பந்தைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அரங்கம் மூச்சைப் பிடித்தது. ரேடியோ மைக்கை உயர்த்தினாள். இதுவரை கேட்காத ஒரு மிதியைக் கேட்டு வாங்கிவிட வேண்டியதுதான்.

"அக்கா! தட்டச் சொல்லாதீங்க!"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எழுந்தது. முகமெல்லாம் துரு. கேலரி போட்ட பிட்டர். தவழ்ந்தே வந்திருந்தார்.

"நடுவுல ஒரு கால், கீழ வச்ச கட்டையை விட்டு நகந்துடுச்சு. மேல ரெண்டு கிளாம்ப் வாயைத் திறந்துட்டு நிக்குது. ஜாக்கி குடுத்து முட்டு வச்சிருக்கோம், என் தம்பி உள்ளதான் பிடிச்சிட்டு இருக்கான். இன்னொரு தடவை தட்டினாங்கன்னா..." அவர் வாயால் முடிக்கவில்லை. விரித்த உள்ளங்கையை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார்.

ரேடியோ உயர்த்திய மைக்கைக் கீழே இறக்கினாள். இத்தனை நேரம் அந்தக் காலை மிதித்து மிதித்து நகர்த்தியது யார்? கேட்டு வாங்கியது யார்?

"இறக்கிடலாமா எல்லாரையும்?"

"இறக்கித்தான் ஆகணும். ஆனா ஒண்ணா எழுந்தா போச்சு. ஓடினாலும் போச்சு. கீழ் வரிசையில இருந்து ஒவ்வொண்ணா, பூ மாதிரி நடந்து வரணும். மேல இருக்கிறவங்க அவங்க முறை வர்ற வரைக்கும் ஆடாம அசையாம உக்காந்திருக்கணும்."

மேல இருக்கிறவங்க. அவள் பார்வை தானாக உச்சி வரிசைக்குப் போய்த் திரும்பியது.

நெட்டைக்காரன் பந்தை மேலே வீசத் தயாரானான். அந்தப் பாயிண்ட் விழுந்தால் கிழக்கு கேலரி மொத்தமும் ஒரே நேரத்தில் குதிக்கும். அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"நடுவர் சார்! பந்தை நிறுத்துங்க!"

மைக்கில் அவள் குரல் வெடித்தது. உயரமான நாற்காலியில் இருந்த நடுவர் கோபமாகத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, விசிலை ஊதிவிட்டார்.

'ஓஓஓ' என்று இரண்டு பக்கமும் ஊளையிட்டது. "பந்தைப் போடுடா!" என்று எவனோ அலறினான். பிட்டர் வந்த வழியே கேலரிக்கு அடியில் புகுந்துவிட்டார். ரேடியோ வாயைத் திறப்பதற்குள் மைக் அவள் கையில் இல்லை.

கணீர் எழுந்து நின்றிருந்தார். கட்டிய தொண்டையும் திறந்துகொண்டது.

"பெருந்திரளாகக் கூடியிருக்கும் பேரன்புமிக்க பார்வையாளப் பெருமக்களின் மேலான கவனத்திற்கு! தவிர்க்கவியலாத தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு, கிழக்குப் பகுதி மாடத்தில் அமர்ந்துள்ளோர் படிப்படியாக வெளியேறி ஒத்துழைப்பு நல்குமாறு..."

ஒரு வார்த்தையும் பிசகில்லை. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

"என்னவாம்?" என்றார் கிழக்கே ஒருவர்.

"எவனோ காரை வழியில விட்டுட்டானாம். எடுக்கச் சொல்றாங்க."

யாரும் அசையவில்லை என்றதும் கணீருக்குப் பதறியது. பதறியதும் அடுக்குமொழி அறுந்தது. "யாரும் ஓடாதீர்கள்! பீதி அடையாதீர்கள்! ஆபத்..."

அடிவரிசையில் இரண்டு இளவட்டங்கள் சடாரென்று குதித்து இறங்கினார்கள். பலகை 'மடக்'கென்றது. அவர்களுக்குப் பின்னால் பத்துத் தலைகள் எழுந்தன.

ரேடியோ மேஜைமேல் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள். ஸ்பீக்கர்கள் செத்தன.

"ஏம்மா! ஓடாதீங்கன்னுதானே சொன்னேன்!"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க, அண்ணே. ஆனா அந்த நேரத்துல, 'ஓடாதீங்க'ன்னா மனசுல 'ஓடு'தான் நிக்கும். 'ஆதீங்க' நிக்காது. மைக்கைக் குடுங்க."

கணீர் கொடுத்தார்.

"நான் என்ன பண்ணட்டும்?"

"கேலரி அடியில போய் நில்லுங்க. இறங்கி வர்றவங்களுக்குக் கையைக் குடுங்க. பெரியவங்க யாராவது சிரிச்ச முகமா நின்னா, வர்றவங்களுக்குத் தெம்பா இருக்கும்."

"சிரிக்கணுமா?"

"சிரிக்கணும், அண்ணே."

மேற்கே ஒருவன் கடுப்பில் காலைத் தூக்கி மிதித்தான். டம்! அவனோடு நாலு பேர். டம்! எதிர்ப்பக்கம் பழக்கதோஷத்தில் பதில் சொல்லக் கால்களைத் தூக்கியது. இத்தனை நேரம் அவள் பழக்கிவிட்டது வேறென்ன?

ரேடியோ ஸ்விட்சைப் போட்டாள்.

அவளுடைய ஒவ்வொரு நரம்பும் கத்து, கத்து என்றது. கத்தினால் என்ன ஆகும் என்று கண் முன்னாலேயே பார்த்துவிட்டாள். கூட்டத்துக்கு மேல் கத்தினால் கூட்டமும் மேலே ஏறும். ரேடியோ மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்தாள். குரலைக் கீழே இறக்கினாள். தூங்குகிற குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த அறையில் இருப்பவரிடம் பேசுகிற குரல் அது.

"மேற்கு... உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்."

என்னது, என்ன சொல்றா, உஷ், பேசாம இரு. கேட்க வேண்டுமானால் வாயை மூடியாக வேண்டும். ஒருவர் மூட, பக்கத்திலிருப்பவர் மூட, அரங்கம் வரிசை வரிசையாக அடங்கியது.

"காலைக் கீழ வைங்க. ரெண்டு கையையும் மேல தூக்குங்க. சத்தமில்லாம... அடேயப்பா, என்ன அழகு! சரி, இப்ப இறக்கிக்கலாம். பக்கத்தாளோட ஒட்டி உக்காந்து, ஆளுக்கு ஓர் இடம் விடுங்க. எதிர்ப்பக்கத்துல இருந்து உங்களுக்கு விருந்தாளிங்க வர்றாங்க."

மேற்கே சிரிப்பு அலையடித்தது. தொடைகள் நகர்ந்தன. நடுநடுவே சிமெண்ட் தெரிய ஆரம்பித்தது.

"இப்ப கிழக்கு. உங்களுக்கு அங்க இடம் ரெடியா இருக்கு. முதல்ல அடிவரிசை. பச்சைச் சட்டை போட்ட அண்ணன், தோள்ல பாப்பா வச்சிருக்கீங்களே... ஆமா, நீங்கதான். நீங்க எழுந்திருங்க."

பச்சைச் சட்டை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, 'நானா?' என்றார்.

"நீங்கதான், அண்ணே. பாப்பாவைத் தூக்கிட்டு நடக்கிற மாதிரியே நடந்து வாங்க. அப்படித்தான். அவருக்குப் பின்னால கண்ணாடி போட்ட அக்கா. அக்காவுக்குப் பின்னால தொப்பி வச்ச தம்பி. தம்பி, அக்காவோட நடைதான் உன் நடை. முந்தாதே."

கணீர் கேலரி அடியில் கையை நீட்டி நின்றார். சிரித்தும் வைத்தார். அந்தச் சிரிப்பு பத்துப் பொருத்தமும் இல்லாத இடத்தில் பெண் பார்க்க வந்தவருடையதைப்போல இருந்தது. பரவாயில்லை, சிரிப்புதானே! முதல் வரிசை தரையிறங்கி மைதானத்தைக் கடந்தது. இரண்டாவது எழுந்தது.

அப்போதுதான் அந்த ஆள் கிளம்பினார். மூன்றாவது வரிசை. தடித்த கழுத்து, அதைவிடத் தடித்த குரல்.

"ஏம்மா! நாங்க டிக்கெட் எடுத்துத்தானே உக்காந்திருக்கோம்? கடைசி பாயிண்ட் நேரத்துல எதுக்கு எழுப்புறே? காரணத்தைச் சொல்லு!"

"ஆமா, சொல்லு!" என்றது பின்வரிசை. மேலே கால்கள் அசைந்தன. அடியில் எங்கோ இரும்பு 'கிர்ர்ர்' என்று முனகியது. முன்வரிசைக்காரர்களுக்கே கேட்டது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரேடியோ ஒரு கணம் கண்ணை மூடினாள். சமாளிக்கப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஒயர் மாற்றுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். இந்தக் கூட்டம் முட்டாளா? இரும்பு முனகியதைக் கேட்ட பிறகு பொய் சொன்னால், அடுத்து அவள் சொல்லும் நிஜத்தையும் எவர் நம்புவார்?

"சொல்றேன், அண்ணே. கேட்டது நியாயம்தான்." அதே கீழ்க்குரல். "உங்க கேலரிக்கு அடியில ஒரு கால் தளர்ந்திருக்கு. பிட்டர் முட்டுக் குடுத்துப் பிடிச்சிட்டு இருக்கார். நீங்க மெதுவா நடந்தா அது நிக்கும். இப்ப இறங்கினாங்களே ஒரு வரிசை, அவங்க நடந்தாங்க, நின்னுது. பாத்தீங்கல்ல? உங்க வரிசைக்கு முன்னால இன்னும் ஒரே வரிசைதான். நீங்க உக்காந்து, உங்க பக்கத்துல இருக்கிறவங்களையும் பிடிச்சு உக்காரவைங்க. அது உங்க பொறுப்பு. செய்வீங்களா?"

தடித்த கழுத்துக்காரர் முகத்தில் பயம் வந்தது. ஆனால் கூடவே ஒரு வேலையும் வந்துவிட்டதே! பக்கத்துப் பையனின் தோளை அமுக்கி உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார்.

"செய்றேன்மா."

நடுவரிசைகள் அப்படியே அடங்கின. மேல்வரிசைகள் அடங்கவில்லை.

நிஜம் மேலே ஏற ஏற வேகமெடுத்தது. 'கால் தளர்ந்திருக்கு' என்பது நாலு வரிசை தாண்டுவதற்குள் 'விழப்போகுது' என்று ஆகிவிட்டது. உச்சியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு பெண் வீறிட்டாள். ஒருவன் முன்வரிசைக்காரரின் தலைக்கு மேல் காலைத் தூக்கி வைத்தான்.

"உச்சி வரிசை, உங்க..." என்று ஆரம்பித்தாள் ரேடியோ. கேட்கவில்லை. அங்கே எழுந்த அலறலில் கீழ்க்குரல் மூழ்கிவிட்டது. குரலை ஏற்றினால் கீழே அடங்கியிருப்பதும் கலைந்துவிடும். முதல் முறையாக அவளுக்கு வார்த்தை வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி ஒரே ஓர் ஆளைப் பார்த்தாள்.

"அத்தை..."

அறிவிப்பே இல்லை அது. வாய் தவறி வந்தது. ஸ்பீக்கர் அதையும் கொண்டுபோனது; மேலே அலறாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் காதில் அது விழுந்தது.

"அத்தை, உங்க பக்கத்துல எல்லாரும் எழுந்துட்டாங்க."

மாமியார் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு? தெருமுனை காய்கறிக்காரரை மாடியிலிருந்தே நிறுத்துகிற குரல்.

"உக்காருங்கடா எல்லாரும்!"

உச்சி வரிசை உறைந்தது.

"டேய், நீ! யார் தலையில காலை வைக்கிறே? எடு! உக்காரு! அம்மாடி, கத்தாதே, என் கையைப் பிடிச்சுக்கோ. கிழவி நானே உக்காந்திருக்கேன், உங்களுக்கென்ன அவசரம்? என் மருமக கூப்பிடுவா. அவ கூப்பிடும்போது எழுந்தா போதும்!"

என் மருமக.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'அவ', 'இவ', 'உன் பொண்டாட்டி' என்று எல்லாம் கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதில்லை. ரசிக்க நேரமில்லை. உச்சி வரிசை உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக, வெட்கப்பட்டுக்கொண்டே.

"அடுத்த வரிசை," என்றாள். குரல் திரும்பக் கிடைத்திருந்தது. "ஊதா துப்பட்டா தங்கச்சி, நீ முதல்ல..."

அதற்கப்புறம் அது ஓர் ஆறு மாதிரி வந்தது. வரிசை எழும், இறங்கும், கடக்கும். மேற்கே ஒவ்வொரு தலை வந்து சேரும்போதும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் மடியில் இன்னொருவர் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நெட்டைக்காரன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு தாத்தாவைக் கைத்தாங்கலாக நடத்திப் போனான்.

கடைசியில் உச்சி வரிசை. அதுவும் இறங்கியது. ஒரே ஒருவர் பாக்கி.

மாமியார் எழுந்தார். ஓர் அடி வைத்தார். முட்டி மடங்க மறுத்தது. கைப்பிடி இல்லாத பலகைச் சரிவு கீழே நீண்டு கிடந்தது. அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். முகத்தில் அவள் பார்த்தே இராத ஒன்று. பயம்.

அடியிலிருந்து பிட்டரின் குரல் பிசிறடித்தது. "அக்கா, ஜாக்கி வழுக்குது!"

தூக்கிவர ஆள் ஏறினால், அந்தக் கனமே போதும். நடங்க என்று சொன்னால்? மருமகள் சொல்லி மாமியார் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. கெஞ்சினால் இன்னும் பயப்படுவார். ரேடியோவுக்கு அந்த மனுஷியைத் தெரியும். யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும்.

"அத்தை," என்றாள் மைக்கில், ரொம்பக் கரிசனமாக. "நீங்க அப்படியே இருங்க. வயசாயிடுச்சு, உங்களால இறங்க முடியாது. ரெண்டு பேரை அனுப்பித் தூக்கிட்டு வரச் சொல்றேன். எல்லாரும் பாத்தா பாத்துட்டுப் போறாங்க."

அரங்கமே மேலே பார்த்தது.

"யாருக்குடீ முடியாது?"

பயம் பறந்த இடம் தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டினார். திரும்பி, பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல முதுகுப்புறமாக இறங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு திட்டு. "தூக்கிட்டு வருவாளாம்! நான் என்ன மூட்டையா? வீட்டுக்கு வா, பேசிக்கறேன்!" கணீர் கையை நீட்டினார். மாமியாரின் செருப்பு தரையைத் தொட்டது.

"பிட்டர் அண்ணே! எல்லாரும் வந்தாச்சு! வெளிய வாங்க!"

பிட்டரும் அவர் தம்பியும் பக்கவாட்டில் உருண்டு வந்து, எழுந்து, ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் கிழக்கு கேலரியின் நடுப்பகுதி அலுப்புடன் முட்டி போடுவதுபோல மடிந்தது. குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. பலகைகள் சரசரவென்று சரிந்தன. புழுதி எழுந்து விளக்குகளை மறைத்தது.

புழுதி இறங்கியதும் மேற்கே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டார்கள். தடித்த கழுத்து ஆள், தான் உட்காரவைத்த பையனை விடவே இல்லை. நடுவர் இறங்கி வந்து, மிச்ச ஆட்டம் நாளைக்கு வேறு இடத்தில் என்றார். கணீர் மைக்கை வாங்கி அதைச் சொன்னார். நாலே வார்த்தை. எல்லோருக்கும் கேட்டது.

மாமியார் நேராக மேஜைக்கு வந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டேதான் வந்தார். வந்தவர் மருமகளின் கையைப் பார்த்தார். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"கை ஏன் இப்படி நடுங்குது?"

"முதல்ல இருந்தே நடுங்குது, அத்தை."

"மைக்ல தெரியலையே!"

"தெரிஞ்சிருந்தா நீங்க உக்காந்திருப்பீங்களா?"

மாமியார் இடிந்து கிடந்த கேலரியைத் திரும்பிப் பார்த்தார். உச்சி வரிசை இருந்த இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது.

"மாட்டேன்," என்றார். "முதல் ஆளா ஓடியிருப்பேன்."

சொல்லிவிட்டு, அந்த இரண்டு கைகளையும் தன் கைக்குள் எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.